வாக்குச்சீட்டில் இல்லாத கேள்வி

ஜூலை 7, திங்கள்

ஜூலை, இங்கே நடுக் குளிர்காலம். புல்லில் உறைபனி. துணி வெளியே காயாது. கராஜுக்குள் கயிறு கட்டியாயிற்று.

"ராவில எண்ணெய் எடுத்தா, விடிய எப்ப கார் ஓடலாம்? நீர் படிச்சனீர்தானே மீனா, சொல்லும் பாப்பம்."

வசந்தி அக்கா கேட்டது. எனக்குத் தெரியாது. புள்ளியியல் படித்தவள், கேள்வித்தாள் தயாரித்துச் சம்பளம் வாங்குகிறவள். இந்த ஒரு வரிக் கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. மருத்துவரிடம் கேட்டால், ஓட்டாதீர்கள். மருந்துக் கடையில், ஓட்டாதீர்கள். அரசாங்க இணையப் பக்கத்தில், ஆளுக்கு ஆள் வேறுபடும். மூன்றும் பதிலே இல்லை. கையைக் கழுவிக்கொள்வது.

எழுதினால் எனக்காவது தெளிகிறதா பார்க்கலாம்.

எண்ணெய் என்றால் கஞ்சா எண்ணெய். மருத்துவர் எழுதிக் கொடுத்தது, புட்டியில் அக்காவின் பெயர் ஒட்டியிருக்கிறது. போன வருடம் அக்கி வந்து போனதிலிருந்து வலது விலாவில் நரம்பு வலி. சட்டை உரசினாலே துடிக்கிறார். எண்ணெய் வைத்திருப்பது குற்றமில்லை. எடுப்பதும் குற்றமில்லை. ஆனால் எச்சிலில் அதன் சுவடு இருக்கும்போது கார் ஓட்டினால் இந்த மாநிலத்தில் குற்றம், மருந்துச் சீட்டைக் காட்டினாலும். போலீஸ் நிறுத்தி நாக்கில் ஒரு குச்சியைத் தேய்க்கச் சொல்வார்கள். ஓட்டுகிறவர் தெளிவாக இருக்கிறாரா என்பது குச்சிக்குத் தெரியாது.

லைசென்ஸ் போனால் வேலை போகும். அக்காவுக்கு ஆஸ்பத்திரி சமையலறையில் காலை ஆறு மணி ஷிஃப்ட். அந்த நேரத்துக்கு எங்கள் புறநகரான மெரிலேண்ட்ஸிலிருந்து போய்ச் சேர பஸ் இல்லை. பாலனுக்கு கிடங்கில் இரவு வேலை, அவர் வீடு திரும்ப ஏழாகும். (பாலன் என் கணவர், அக்காவின் தம்பி. யாருக்காக விளக்கிக்கொண்டிருக்கிறேன்?) எனக்கு லைசென்ஸ் இல்லை, எடுக்கும் உத்தேசமும் இல்லை.

ஆக: எண்ணெயா, காரா. இதுதான் விஷயம். வெளியில் யாருக்கும் தெரியாது. "ஊருக்குத் தெரிஞ்சா எனக்கு கஞ்சா வசந்தி எண்டு பேர் வச்சிடுவினம்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

அரிசி தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

மழை. ரயில் தாமதம்.

மதியம் சிவநேசன் அங்கிள் ஃபோன். முதியோர் சங்கத் தலைவர், ஓய்வு பெற்ற பொறியாளர், ஓய்வு எடுக்காதவர். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பட்டிமன்றமாம். தலைப்பு: கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா. அக்காவின் விஷயம் கசிந்துவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் காரணம் வேறு. அவருடைய மருமகன் இருக்கும் அமெரிக்க மாநிலத்தில் இதைத் தேர்தலோடு சேர்த்து மக்களிடமே ஓட்டுக்கு விட்டார்களாம்.

"இஞ்சை எங்களிட்டை ஒருத்தரும் கேக்கேல்லை, பாராளுமன்றத்தில அவையள் தங்களுக்குள்ள கதைச்சு முடிப்பினம். நாங்களே ஒரு ஓட்டு வைப்பம், பிள்ளை. நீர்தானே கேள்வி எழுதுற ஆள். ஒண்டு எழுதித் தாரும்."

தன் வரைவையும் வாசித்துக் காட்டினார்: "எங்கள் பிள்ளைகளைச் சீரழிக்கும் கஞ்சாவை அரசு அனுமதிக்கலாமா?"

"இதுல பதிலும் சேர்ந்தே இருக்கே அங்கிள்."

"இருந்தா என்ன, சனத்துக்கு லேசுதானே."

மாலை என் வரைவு: "வயது வந்தவர்கள் தங்கள் சொந்தப் பயன்பாட்டுக்குக் கஞ்சா வைத்திருப்பதை மாநிலச் சட்டம் அனுமதிக்க வேண்டுமா? ஆம் / இல்லை." அனுப்பினேன். "உப்பில்லாத சாம்பார்" என்று பதில். ஏற்றுக்கொண்டார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் இப்படி ஒரு வரிக்காக வழக்கறிஞர்கள் நீதிமன்றம் வரை போவார்கள் என்று படித்திருக்கிறேன். நியாயம்தான். கேள்வியை எழுதுகிறவர் கையில் பாதி முடிவு.

மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். "இட்ஸ் சோ நாட் எ பிக் டீல், அம்மா." காதிலிருந்து எதையும் கழற்றாமலே.

ஜூலை 10, வியாழன்

வெயில், ஆனால் காற்றில் கத்தி.

அக்கா மூன்று இரவுகளாக எண்ணெய் எடுக்கவில்லையாம். கார் ஓட்ட வேண்டுமே. கண்ணைச் சுற்றிக் கருமை. சாயங்காலம் என் குசினிக் கதிரையில் (சமையலறை நாற்காலி; அவர் சொல்லியே எனக்கும் இந்தச் சொற்கள் வந்துவிட்டன) உட்கார்ந்தபடியே தூங்கி, தலை மேசையில் இடிக்கப் போய் விழித்தார்.

"இப்பிடித்தான் விடிய சிக்னலிலையும். பச்சை விழுந்தது தெரியேல்லை. பின்னால வந்தவன் ஹோர்ன் அடிச்சவன்."

"இன்னைக்கா?"

"நேற்று. இண்டைக்கு நானே என்ரை கையில கிள்ளிக் கிள்ளிப் போனனான்."

முன்பு கொடுத்த நரம்பு மாத்திரையில் தலை சுற்றி குளியலறையில் விழுந்தவர். அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் வழியில் நிறுத்திச் சோதிக்கக் குச்சி இல்லை. தூக்கமில்லாமல் ஓட்டினாலும் இல்லை. எண்ணெய் எடுத்து எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தவருக்குத்தான் குச்சி.

ஆனால் எண்ணெய் எடுத்த மறுநாள் காலை அக்கா உண்மையிலேயே தெளிவா? என் கண்ணுக்கு, ஆமாம். என் கண் ஒரு அளவுகோல் இல்லை. சாராயம் குடித்தவர்களும் தாங்கள் தெளிவு என்றுதான் சொல்வார்கள். சட்டம் முழு முட்டாள்தனம் என்று எழுத ஆசை. எழுத முடியவில்லை.

வாக்குச்சீட்டு வரைவை அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டு இரண்டு தரம் படித்தார்.

"இதில நான் எங்கை இருக்கிறன்?"

"நீங்க இதுல இல்லை அக்கா. இது பொதுவா எல்லாருக்கும்."

"அப்ப ரெண்டாவதா ஒண்டு போடும். டொக்டர் குடுத்தவை ஓடலாமோ எண்டு. ஆர் கேட்டதெண்டு சொல்லாதையும்."

எழுதினேன்: "மருத்துவர் எழுதிக் கொடுத்ததை எடுப்பவர்கள், தெளிவாக இருக்கும்போது, வாகனம் ஓட்ட அனுமதிக்க வேண்டுமா?" 'தெளிவாக' என்பதை யார் முடிவு செய்வது என்று உடனே எனக்கே கேள்வி. ஆனாலும் அனுப்பினேன்.

ஜூலை 12, சனி

துணி துவைத்தல். மீன். மகளின் பல் மருத்துவர். அரிசி (கடைசியில்).

அங்கிள் இரண்டாவது கேள்வியை வெட்டிவிட்டார். "ஒண்டு போதும், பிள்ளை. ரெண்டு கேட்டா சனம் குழம்பும். பிறகு டீ ஆறிப் போம்."

அக்காவிடம் சொன்னேன். "ஓம்" என்றார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார், அதே வேகத்தில் நறுக்கினார்.

பாலன்: "அக்கா, வேலையை விடுங்கோ. நாங்கள் பாக்க மாட்டமோ?"

"உன்ரை சோத்தைத் திண்டுகொண்டு சுவரைப் பாத்துக்கொண்டிருக்கவோ? போடா."

பாலன் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மேகமூட்டம். ஹாலில் ஹீட்டர் ஒன்று மட்டும் வேலை செய்தது. எல்லோரும் அந்தப் பக்கமே உட்கார்ந்ததில் கூட்டம் பெரிதாகத் தெரிந்தது.

அனுமதிக்கலாம் என்ற கட்சிக்கு ராஜா அங்கிள், முன்னாள் கணக்காளர். விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற கட்சிக்கு கமலா அன்ரி (ஆன்ட்டியை இவர்கள் இப்படித்தான் சொல்வார்கள்). எழுபது வயது, கோயில் சமையல் பொறுப்பு, குரலுக்கு மைக் தேவையில்லை.

ராஜா அங்கிள்: "சிவபெருமானே எடுத்தவர் எண்டுதானே வடக்கில சொல்லுறாங்கள்."

கமலா அன்ரி: "அப்ப நஞ்சையும் குடியுங்கோவன். அதையும் அவர்தான் குடிச்சவர்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ராஜா அங்கிள் வரி வருமானம், சிறைச் செலவு என்று ஏதோ சொன்னார். யாரும் கேட்கவில்லை. சமோசா வாசனை வந்துவிட்டது.

பிறகு கமலா அன்ரி: "எடுத்துப்போட்டு கார் ஓடி ஒரு குழந்தையை அடிச்சா ஆர் பொறுப்பு? உந்தக் கஞ்சாக்காரர் ஓடுற றோட்டிலதான் என்ரை பேரப்பிள்ளையும் பள்ளிக்கூடம் போகுது."

என் பக்கத்தில் அக்கா எழுந்தார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"நான் எடுக்கிறனான், கமலா அக்கா."

"என்னத்தை?"

"அதைத்தான். டொக்டர் தந்தது. அக்கி வலிக்கு."

சிவநேசன் அங்கிள் மைக்கைத் தடவினார்.

"ராவில எடுத்தா விடிய கார் ஓடேலாது, பிடிச்சா லைசென்ஸ் போகும். எடுக்காட்டி நித்திரை இல்லை. இந்தக் கிழமை முழுக்க நித்திரை இல்லாமத்தான் ஓடினனான். சிக்னலில நித்திரை. அதுக்கு ஒருத்தரும் பிடிக்கேல்லை. உங்கடை பேரப்பிள்ளை போற றோட்டுத்தான் அதுவும்."

யாரோ ஒருவர் பின்னால்: "ஐயோ, வசந்தியோ?"

சிவநேசன் அங்கிள்: "அது வேற விசயம், தங்கச்சி. அதுக்கு ஒரு நாள் தனியாக் கதைப்பம்."

"ஓம், கதைப்பம்" என்று அக்கா உட்கார்ந்தார். கையைப் பிடிக்கலாமா என்று யோசித்தேன். நான் யோசித்து முடிப்பதற்குள் அவரே கையைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டார்.

சிவநேசன் அங்கிள் நேரம் மிச்சமாகட்டும் என்று கையுயர்த்தச் சொன்னார். "ஆம்" என்றதற்கு ராஜா அங்கிள், அவர் மனைவி, இன்னும் ஓரிருவர். சீட்டு அடித்தாயிற்று, சீட்டிலும் போடட்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். எண்ணியபோது "ஆம்" கிட்டத்தட்டப் பாதி. "இல்லை" மயிரிழையில் ஜெயித்தது. அறிவித்ததும் எல்லோரும் சமோசாவைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் போட்டது "ஆம்". முழு நம்பிக்கையோடு என்று சொல்ல மாட்டேன்.

கமலா அன்ரி அக்காவிடம் வரவே இல்லை. பாத்திரங்களை அடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

திரும்பும் வழியில் காரில் பாலன் கேட்டார், அக்கா எதில் போட்டீர்கள் என்று.

"இல்லை எண்டு."

"என்னக்கா, விசரே?"

"எல்லாருக்கும் விட்டா றோட்டில இன்னும் கன பொலிஸ் குச்சியோட நிப்பாங்கள். எனக்குத்தான் கரைச்சல்."

மூவரும் சிரித்தோம். அக்கா சிரித்ததில் விலா வலித்து, "அம்மா" என்று குனிந்துகொண்டார்.

நாளை என்ன நடக்கும் என்று நான் நினைப்பது: ஃபோன் ஓயாது. ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நம்மவர்கள் காதுக்குப் போகும். அக்கா வேலைக்குப் போக மாட்டார்.

ஜூலை 14, திங்கள்

நடந்தது இது.

இருட்டோடு விழிப்பு. பின் தோட்டத்தில் அக்கா தனியாக இருக்கும் சின்ன வீட்டில் விளக்கு. போர்வையைச் சுற்றிக்கொண்டு போனேன். அக்கா சீருடை போட்டு, தலை வாரி, கையில் கார்ச் சாவி.

"ராத்திரி எடுத்தீங்களா?"

"ஓம். அடிச்சுப் போட்ட மாதிரி நித்திரை." முகம் ஒரு வயது குறைந்திருந்தது.

"அப்ப எப்படி ஓட்டுவீங்க?"

"தெரியேல்லை மீனா. கார் வரைக்கும் போய்ப் பாக்கிறன்."

தடுத்திருக்க வேண்டும். என்ன சொல்லித் தடுப்பது என்று தெரியவில்லை. இரண்டு பேரும் முன்வாசலுக்கு வந்தோம். கேட்டுக்கு வெளியே ஒரு கார், விளக்கு எரிய, இஞ்சின் ஓட. கண்ணாடி இறங்கியது. கமலா அன்ரி, தலையில் கம்பளித் தொப்பி, நெற்றியில் அப்போது பூசிய விபூதி.

"எனக்கு எப்பிடியும் இந்த நேரம் முழிப்புத்தான். கும்பிட்டுப்போட்டு சும்மா இருக்கிறனான். ஏறு."

அக்கா நின்றார்.

"என்ன பாக்கிறாய்? நான் ஒண்டும் மனசு மாத்தேல்லை. அது கஞ்சாதான். நீ ஓடாதை, அவ்வளவுதான். நேற்று நீ சொன்னதுக்குப் பிறகு எனக்கெல்லோ நித்திரை இல்லை. பேரன் போற றோட்டு. ஏறடி, வேலைக்கு நேரம் போகுது."

அக்கா சாவியைக் கைப்பைக்குள் போட்டார். முன் சீட்டில் கோயிலுக்கான அண்டா. பின்னால் ஏறினார். கதவு சரியாகச் சாத்தவில்லை, "இழுத்துச் சாத்து" என்று அன்ரியின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

கார் நகர்ந்து, நின்று, பின்னால் வந்தது. கண்ணாடி மறுபடி இறங்கியது.

"பிள்ளை, வியாழன் எனக்குக் கண் டொக்டர். அண்டைக்கு வேற ஆரையும் பாருங்கோ."

பகல் முழுக்க ஃபோன் இரண்டே தரம். ஒன்று பல் மருத்துவமனை. மற்றது கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு அன்ரி, பெயர் சொல்லாமல், அந்த டொக்டரின் நம்பர் கேட்டு.

சாயங்காலம் சிவநேசன் அங்கிளைக் கூப்பிட்டேன். ராஜா அங்கிளையும். இருவருக்கும் விடியற்காலை முடியாதாம். வியாழனுக்கு இன்னும் யாரும் இல்லை.