ஒப்பீட்டுக்கு ஒரு சாதாரண மனம்

சென்னை,
12.1.1981

அன்புள்ள வேதாவுக்கு,

நான் நலம். பள்ளிக்கூட வேலைகளுக்கு நடுவே நீயும் நலமாக இருப்பாய். அடுத்த மாதம் மூளை அலைகளைப் பதிவு செய்யும் மெஷினோடு திருவண்ணாமலை வருகிறேன். செங்கம் ரோட்டில் அறை பிடித்தாகிவிட்டது. தியானம் பழகிய சாமியார்கள் ஆறு பேர் சம்மதித்திருக்கிறார்கள். திடீர்ச் சத்தத்துக்கு அவர்கள் மூளை அசைகிறதா என்று பார்க்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, தியானமே அறியாத, சட்டென்று உணர்ச்சிவசப்படுகிற சாதாரண மனம் ஒன்றும் தேவை. மனைவி என்பதால் சொல்லவில்லை, உன்னைவிடப் பொருத்தமானவர் கிடைக்க மாட்டார். கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
ராஜமாணிக்கம்

திருவண்ணாமலை,
18.1.1981

அன்புள்ள உங்களுக்கு வேதா எழுதுவது.

பொங்கலுக்கு வர முடியாதவருக்குச் சாமியார்கள் மண்டையில் ஒயர் ஒட்டப் பசை தடவ லீவு கிடைத்ததில் சந்தோஷம். உங்கள் ஆறு பேரில் இராமலிங்கச் சாமியை எனக்குத் தெரியும். டீயில் சர்க்கரை கம்மி என்று ரோடே கேட்கக் கத்துவார். அவருக்குள் சாந்தியைத் தேட வெளிநாட்டு மெஷின்!

நம் குழந்தை மங்கை மூளைக்காய்ச்சலில் போய் நாலு வருஷமாகிறது. அன்றிலிருந்து நீங்கள் சென்னையில் மூளையை ஆராய்கிறீர்கள். நான் இங்கே மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். சாதாரண மனம் நான்தான், வந்து உட்காருகிறேன். அந்தச் சாக்கிலாவது நாலு நாள் வீட்டில் சாப்பிடுவீர்கள்.

வேதா

சென்னை,
2.3.1981

அன்புள்ள வேதா,

பதிவுகளைப் பார்த்துவிட்டேன். தகரத்தைத் தட்டியபோதும் மூன்று சாமியார்களுக்கு அலை மாறவேயில்லை. ஆனால் உன்னுடையதுதான் அற்புதம். கண்ணை மூடியிருந்த உன் காதருகே நான் “மங்கை” என்று சொன்ன கணத்தில் அலையை வரையும் ஊசி தாளின் ஓரம்வரை துள்ளியிருக்கிறது. துக்கம் இவ்வளவு தெளிவாகப் பதிவானதை எங்கள் பேராசிரியரே பார்த்ததில்லையாம். முன்பே சொன்னால் பலன் இருக்காதென்றுதான் உன்னிடம் சொல்லவில்லை. நீ ஒயரையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனது ஏனென்று உதவியாளர்கள் கேட்டார்கள். உன் சுபாவம் அப்படி என்று சமாளித்தேன்.

ஏப்ரலில் சென்னைக்கு வா. குழந்தையின் கொலுசு உன்னிடம்தானே இருக்கிறது? எடுத்து வந்தால் அந்தச் சத்தத்துக்கும் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
ராஜமாணிக்கம்

திருவண்ணாமலை,
9.3.1981

திரு. ராஜமாணிக்கம் அவர்களுக்கு,

நான் வர மாட்டேன். கொலுசும் வராது. வேங்கிக்காலில் எனக்குத் தனியாக வீடு பார்த்துக்கொண்டேன். உங்கள் துணிகளும் புத்தகங்களும் பழைய வீட்டுக்கார ஜோதியம்மாளிடம் இருக்கின்றன. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

அசையாத மனம்தான் வேண்டுமென்றால் உங்கள் தலையிலேயே ஒயரை மாட்டியிருக்கலாம். இவ்வளவு தூரம் பெட்டி தூக்கி வந்திருக்க வேண்டாம்.

பேராசிரியரிடம் ஒரு திருத்தம் சொல்லிவிடுங்கள். மங்கையைக் கொண்டுபோய்ப் புதைத்த நாளிலிருந்து அவள் பேர் உங்கள் வாயில் வந்ததே இல்லை. நான் பேச்செடுத்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவீர்கள். அன்றைக்குத்தான், நாலு வருஷத்தில் முதல்முறையாக, உங்கள் குரல் அவளைக் கூப்பிட்டது. இந்த மனுஷன் கடைசியில் என்னோடு சேர்ந்து அழ வந்துவிட்டார் என்று நினைத்தேன். ஊசி துள்ளியது அதற்குத்தான். அது துக்கம் இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கண்ணைத் திறந்தேன். நீங்கள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

வேதா