பிறப்புப் பத்திரம் இல்லாத கடவுள்

டுசல்டோர்ஃப்
22.09.2024

அன்புள்ள கொறற்றிக்கு,

நீரும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று என்னுடைய முருகனிடமும் உம்முடைய மாதாவிடமும் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இதற்கு முன் எழுதியவற்றைக் கிழித்துவிட்டேன். கடைக்கு ஆள் வந்தால் பேனாவை வைக்கிறேன், போனதும் எடுக்கிறேன், எடுத்ததும் என்ன எழுத வந்தேன் என்பது மறந்துபோகிறது. வாட்ஸ்அப்பில் நீர் என்னை அடைத்து வைத்திருக்கிறீர். போன் எடுத்தால் சுகம் விசாரித்து முடிவதற்குள் சண்டை. கடிதத்தையாவது இடையில் வெட்ட மாட்டீர் என்று நம்புகிறேன்.

நேற்று யதுசா போன் எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் கிரேக்க வகுப்புக்கு, எரோஸ் என்ற காதல் கடவுளின் பிறப்பைப் பற்றிப் பேசப்போகிறாளாம். "அப்பா, இந்தாளுக்குப் பிறப்புப் பத்திரமே இல்லை. எங்கடை ஆக்களின்ரை அகதிக் கேஸ் மாதிரி, கேட்கக் கேட்க வேறை வேறை கதை" என்று சிரித்தாள். ஒரு கதையில் அவனுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. முதலில் பெரிய வெறுமை, பிறகு பூமி, அதோடு இவன். இன்னொன்றில் அழகுத் தெய்வம் அப்ரோடைட்டி தாய், போர்க் கடவுள் தகப்பன். மூன்றாவதைச் சொல்வதற்குள் அவளுடைய பஸ் வந்துவிட்டது.

போகிற அவசரத்திலும் கேட்டாள், "நீங்களும் அம்மாவும் எப்பிடித் தொடங்கினனீங்கள்?"

சொன்னேன். கேவலார் மாதா திருவிழாவில் உம்மைக் கண்டது. அகதிகள் மாவட்ட எல்லை தாண்டக்கூடாது என்று சட்டம் இருந்தும், அந்த மார்கழியில் பனிக்குள் ரயில் மாறி மாறி உம்முடைய முகாம் வாசலில் வந்து நின்றது. நான் அன்றைக்கு வந்திராவிட்டால் நீர் இப்போது எங்கே இருந்திருப்பீர்?

நவம்பரில் நீதிமன்ற டெர்மின், வழக்குத் தவணை. விவாகரத்துக்குச் சம்மதமா என்று நீதிபதி என்னைக் கேட்பார் என்று உம்முடைய வழக்கறிஞர் எழுதியிருக்கிறார். இல்லை என்றுதான் சொல்வேன். அதற்குப் பிறகு வழக்கு இழுபடும் என்கிறார்கள். இழுபடட்டும். நான் தொடங்கியதை நான் முடிக்க மாட்டேன்.

என்றும் உமது,
ஆரூரன்


ஸ்டுட்கார்ட்
30.09.2024

ஆரூரனுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே இருவரும் சுகம். பார்சலில் வந்த மிக்சரைப் பிள்ளை ஒரே இருப்பில் முடித்துவிட்டாள்.

"நான் வந்திராவிட்டால் நீர் எங்கே இருந்திருப்பீர்" என்ற வரியோடு என் வாசிப்பு நின்றுவிட்டது. முதியோர் இல்லத்தில் ஆட்களுக்குச் சாப்பாடு தீத்தும்போதும் அந்த வரிதான், துணி மடிக்கும்போதும் அந்த வரிதான். கோபத்தில் ஒரு கிழவியின் சட்டையை இன்னொரு கிழவிக்குப் போட்டுவிட்டேன்.

நான் உங்களை விட்டுப் போகவில்லை. டுசல்டோர்ஃபில் கடைக்குக் கையெழுத்து வைத்து, இங்கே வீட்டுக்காரருக்கும் வீட்டை விடப்போகிறோம் என்று சொல்லிவிட்டு, ஒரு கேக்கையும் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். "எல்லாம் ஒழுங்கு பண்ணியாச்சு. நீர் வெளிக்கிட்டால் சரி" என்றீர்கள். என் வேலை என்ன, பிள்ளையின் படிப்பு என்ன, ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வெளிக்கிடவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

எப்போதும் நீங்கள் வந்தீர்கள், நீங்கள் கொண்டுவந்தீர்கள், நீங்கள் காப்பாற்றினீர்கள். பிறந்தநாள், சாமத்தியவீடு என்று போன இடமெல்லாம் என்னைப் பக்கத்தில் நிறுத்தி அந்தப் பனிக்கதையைச் சொன்னீர்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது கதையை யதுசா எனக்குச் சொன்னாள். தெய்வங்களின் வீட்டில் விருந்து. வறுமை என்று ஒருத்தி வாசலில் பிச்சைக்கு நிற்கிறாள். வசதி என்ற பெயருடைய ஆண் குடித்துவிட்டுத் தோட்டத்தில் நித்திரை. இவன்தான் வேண்டும் என்று அவளே முடிவெடுத்துப் பக்கத்தில் போய்ப் படுக்கிறாள். அப்படிப் பிறந்தவன்தானாம் எரோஸ். எனக்கு இதுதான் பிடித்த கதை. ஏன் என்று உங்களுக்கு விளங்காது.

நீதிமன்றத்தில் சம்மதம் என்று சொல்லுங்கள்.

கொறற்றி


டுசல்டோர்ஃப்
06.10.2024

அன்புள்ள கொறற்றிக்கு,

விளங்காது என்று எழுதிவிட்டு விளக்காமல் விட்டால் ஒரு மனிசன் எப்படி இருப்பது? கல்லாவில் இருக்க ஏலவில்லை. பருப்புப் பக்கற்றுகளை ஒரு தட்டில் இருந்து இன்னொரு தட்டுக்கு மாற்றுகிறேன், பிறகு பழைய இடத்துக்கே மாற்றுகிறேன். வாடிக்கையாளர்கள் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

யாரை வறுமை என்கிறீர், யாரை வசதி என்கிறீர்? ஒன்றும் இல்லாத காலத்தில் அன்பு இருந்தது, உமக்கு நிரந்தர வேலை வந்ததும் அது போய்விட்டது என்று சொல்லவருகிறீரா? அப்படியென்றால் நேரே எழுதும், தாங்குவேன். ஆனால் ஒன்று: நான் ஒருநாளும் குடித்துவிட்டு விழுந்து கிடந்தவன் இல்லை. அது உமக்கே தெரியும்.

கேக் விஷயத்தில் பிழை என்னுடையதுதான். உமக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

பதில் போடும்.

உமது,
ஆரூரன்


ஸ்டுட்கார்ட்
13.10.2024

ஆரூரனுக்கு,

இதை ஆறுதலாக இருந்து வாசியுங்கள். கடைக்குள் நின்றுகொண்டு வேண்டாம்.

கேவலாரில் என்னைக் கண்டது ஆவணியில். பனிக்குள் வந்தது மார்கழியில். இடையில் ஐப்பசியில் நான் உங்களிடம் வந்தேன். அனுமதி கேட்டால் தரமாட்டார்கள் என்று தெரியும், கேட்காமலே ரயில் ஏறினேன். உங்கள் முகாம் அறைக் கதவைத் திறந்தது உங்களோடு அறையில் இருந்த றெக்ஸ். நீங்கள் ரெஸ்ரோறண்டில் இரவு முழுக்கக் கோப்பை கழுவிவிட்டு வந்து படுத்திருந்தீர்கள்.

"அக்கா, அண்ணை நல்ல நித்திரை. எழுப்பட்டோ?"

"வேண்டாம் தம்பி, கிடக்கட்டும்" என்றேன்.

கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். போர்வைக்கு வெளியே உங்கள் கை கிடந்தது, சவர்க்காரத் தண்ணீரில் ஊறி வெடித்த கை. எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்தேன். பிடித்திருந்தது. எழும்பினேன்.

போகும்போது றெக்ஸிடம் சொன்னேன்: "நான் வந்தது அவருக்குத் தெரியவேண்டாம். ஆனால் நத்தாருக்கு எங்கடை முகாமிலை எல்லாருக்கும் சாப்பாடு எண்டு ஒருக்கால் காதிலை போட்டுவிடுங்கோ." அதைக் கேட்டுத்தான் கிறிஸ்மஸ் அன்றைக்கு நீங்கள் பனிக்குள் வந்தீர்கள். 'எல்லாருக்கும்' என்ற சாப்பாட்டுக்கு வந்தவர் நீங்கள் ஒருவர்தான். அது உங்களுக்கு அன்றைக்கும் உறைக்கவில்லை.

திரும்பும் வழியில் ஸ்டேஷனில் பொலிஸ் என்னைப் பிடித்தது. பெயரைப் பதிந்துகொண்டு விட்டார்கள். நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் எத்தனையோ நாள் சோறு இறங்கவில்லை. அதையும் நான் உங்களிடம் சொல்லவில்லை.

ஏன் இத்தனை காலம் மறைத்தீர் என்பீர்கள். பனிக்கதையைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதை வைத்தே என்னை ஆள்வீர்கள் என்று நினைக்கவில்லை. நீங்கள் என்னைக் கொண்டுவரவில்லை, ஆரூரன். நான் வந்தேன். வந்தவளுக்குப் போகவும் தெரியும்.

கொறற்றி


டுசல்டோர்ஃப்
27.10.2024

அன்புள்ள கொறற்றிக்கு,

முதலில் உம்மில் கோபம் வந்தது. றெக்ஸுக்குப் போன் எடுத்துக் கத்தினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணை, உங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியும்" என்றான். எங்கள் கலியாண வீட்டிலேயே தெரியுமாம்.

கடையைப் பூட்டிவிட்டு றைன் கரையோரம் நடந்தேன். வெட்கம். எத்தனை சபையில் எத்தனை பேர் உள்ளுக்குள் சிரித்திருப்பார்கள். பாலத்தடிக்கு வந்தபோது வெட்கம் போய்ப் பயம் பிடித்தது. பொலிஸ் பிடித்தபோது நீர் தனியே நின்றிருக்கிறீர், நான் நித்திரை. அதற்குப் பிறகும் உமக்கு என்னென்ன நடந்தபோது நான் நித்திரையாக இருந்தேனோ தெரியாது. கேட்கவும் பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் நினைத்தேன். ஒரு வார்த்தை கதைக்காமல், ஒரு வீரமும் காட்டாமல், வெடித்த கையோடு கிடந்தவனை ஒருத்தி பார்த்து, பிடித்திருக்கிறது என்று முடிவெடுத்திருக்கிறாள். அதைவிட என்ன வேண்டும் எனக்கு? அது தெரியாமல் இவ்வளவு காலமும் வேறு கதை சொல்லிப் பெருமைப்பட்டுத் திரிந்திருக்கிறேன்.

நீதிமன்றத்தில் சம்மதம் என்று சொல்வேன். விருப்பத்தோடு இல்லை. நீர் கேட்டதால்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வரலாமா? கூட்டிக்கொண்டு வர இல்லை. பார்க்க மட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதும்.

ஆரூரன்


ஸ்டுட்கார்ட்
20.11.2024

அன்புள்ள ஆரூரனுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நேற்று நீதிமன்றத்தில் நீங்கள் முதலில் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. நீதிபதி இன்னொரு தரம் கேட்டார். இரண்டாம் தரம் தெளிவாகச் சொன்னீர்கள். அதற்கு நன்றி. வெளியே வந்ததும் அழுகை வரும் என்று நினைத்தேன், பசிதான் வந்தது. ஸ்டேஷனில் நின்று உப்புத் தூவிய பிரெட்ஸல் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகுதான் அழுதேன், கையில் உப்புக் கட்டிகளோடு.

யதுசா போன கிழமை பேசி முடித்தாள். இத்தனை கதையில் எது உண்மை என்று ஆசிரியை கேட்டாராம். "எங்கடை வீட்டிலையே ரெண்டு கதை இருக்கு. ரெண்டு பேரும் பொய் சொல்லேல்லை எண்டு சொன்னன் அம்மா" என்றாள். நல்ல புள்ளி கிடைத்திருக்கிறது. உங்களிடம் தானே சொல்வாள், தெரியாதது போல் கேளுங்கள்.

ஞாயிறு வரலாமா என்று கேட்டீர்கள். ஒன்றைச் செய்வதற்கு முன்னால் நீங்கள் என்னிடம் கேட்டது இதுதான் முதல் தரம். அதனாலேயே வேண்டாம் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் வேண்டாம், வராதீர்கள்.

நேற்றிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. யன்னலைத் திறக்கிறேன், குளிர்கிறது, சாத்துகிறேன், மூச்சு முட்டுகிறது. உங்கள் பக்கம் வரும் ரயில் நேரங்களைப் போனில் பார்த்தேன். பார்த்துவிட்டு மூடினேன். வர வேண்டும் போலிருந்தால் நானே வருவேன். வராமலும் விடலாம். எது என்று எனக்கே தெரியாது, இப்போதே சொல்லச் சொல்லி என்னைக் கேட்காதீர்கள்.

கையெழுத்துக்கு மேலே, முந்தி எழுதியதுபோல 'உங்கள்' என்று எழுதப்போய் நிறுத்திவிட்டேன். அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

கொறற்றி