என்னிக்கு என்று கேட்டவனுக்கு

இந்த வருஷத்துப் புளி நேற்று வந்து இறங்கியது. மருமகள் மொட்டை மாடியில் பாய் விரித்துக் காயவைத்திருக்கிறாள். கீழே செய்தித்தாளோடு உட்கார்ந்தால் மாடிப்படி வழியாக வாசனை இறங்கி வருகிறது. மலைப் புளி. அப்புறம் எங்கே படிப்பது? பேப்பரை மடித்து வைத்துவிட்டு உனக்கு எழுத ஆரம்பித்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் அரசாங்கத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாம். இப்போது கேள்விகளுக்குப் பதில் சொல்ல வகுப்பெல்லாம் நடத்துகிறார்களாம், வீடியோ எடுத்துப் போட்டுக் காட்டுகிறார்களாம். நமக்கு எவன் வைத்தான் பயிற்சி? ஆலங்காயம் தாண்டி ஜீப் மலையேறத் தொடங்கியதும் நீ துண்டை எடுத்துத் தலையில் கட்டுவாய். அதுவரை என்னிடம் பீடி கேட்டுக்கொண்டிருந்தவன் போய்விடுவான். நாம் போகிற ஊரிலேயே பெரிய கோபக்காரன் எவனோ, அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கேள்வி கேட்பான்.

மலைமேல் ஓர் ஊருக்குத் தார் ரோடு வரப்போகிறது என்று சொல்ல நம்மை அனுப்பிய நாள் உனக்கு மறந்திருக்காது. அப்போது நான் அடுக்குமொழிக்காரன். "மலை மக்களின் வாழ்விலே ஒரு மலர்ச்சி" என்று ஜீப்பிலேயே தொடங்கினேன். நீ மறித்தாய்.

"ரோடு வரட்டும் சாமி. வழியில நிக்கிற எங்க புளியமரம் இன்னா ஆவும்?"

"அது குறித்து ஆவன செய்யப்படும்."

"வண்டிய நிறுத்துப்பா" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு இறங்கினாய். வளைவில் வந்த வழியே நடக்க ஆரம்பித்தாய்.

"எங்கடா போற?"

"கூட்டம் கலைஞ்சிடுச்சு. வூட்டுக்குப் போறேன்."

டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு உன்னை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருப்பேன். ஒருவழியாக ஏறி உட்கார்ந்த நீ, துண்டை அவிழ்க்காமலே சொன்னாய்: "தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. கேட்டுக்கினு வர்றேன்னு சொல்லு. என்னிக்கு வருவேன்னும் சேர்த்துச் சொல்லு."

சாமை அடிக்கும் களத்தில் கூட்டம். நான் பேசி முடித்து, கேள்வி உண்டா என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தப்பித்தோம் என்றுதான் இருந்தது. நிமிர்ந்தால், கூட்டத்துக்குப் பின்னால் நீ நின்றுகொண்டு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டிருக்கிறாய்! வேறு வழி?

"நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லிடறேங்க. வழியில இருக்கிற புளியமரம் இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாது. கேட்டுக்கினு, வர்ற திங்கக்கெழம வந்து சொல்றேங்க."

அதன் பிறகுதான் ஒரு பெண் எழுந்தாள். "கேக்கலாமுன்னுதான் இருந்தோம் சாமி. ஜீப்புல வர்றவங்ககிட்ட கேட்டு இன்னா ஆவப்போவுதுன்னு கம்முனு இருந்துட்டோம். அந்த மரத்த நம்பித்தான் எங்க வூட்ல கல்யாணமே நடக்குது." பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். நாம் கிளம்பச் சாயங்காலம் ஆகிவிட்டது.

திங்கட்கிழமை நல்ல மழை. ஜீப் கிடைக்கவில்லை. பாதி வழி பஸ், மீதி நடை. உனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் வழி முழுக்க என்னைக் கிண்டல் செய்துகொண்டே கூட வந்தாய். கொண்டுபோன பதிலும் அப்படியொன்றும் இனிப்பான பதில் இல்லை. சில மரங்கள் போகும். ஊரார் கூட வந்து காட்டினால் ரோட்டைக் கொஞ்சம் வளைத்து மற்றவற்றை விட்டுவிடலாம் என்றார் பொறியாளர். ஊரார் சண்டை போட்டார்கள். போட்டுவிட்டு, அதே பெண் நம் இருவருக்கும் சாமைச் சோறு போட்டாள். "சொன்ன நாள்ல வந்துட்டாங்களே" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். ஓய்வு பெறும்வரை நான் வாங்கிய நல்ல பேரெல்லாம் அந்தச் சோற்றில் தொடங்கியதுதான். அதற்குக் காரணம் நீ. நேரில் சொன்னால் கேலி செய்வாய் என்று சொல்லாமலே இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், நீ செய்தது பெரிய உபகாரம்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும் நீ விடவில்லை. "என் இரங்கல் கூட்டத்துல இன்னா பேசுவே? ஒத்திகை பாத்துடலாம்" என்றாய்.

"ஈடு செய்ய இயலாத..." என்று தொடங்கினேன்.

போர்வையை விலக்கி, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப் போட்டாய். "கூட்டம் கலைஞ்சிடுச்சு." சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து இரண்டு பேரையும் திட்டினாள். அவள் போனதும், தலையில் துண்டு கட்டுகிற மாதிரி கையைச் சுற்றிக் காட்டிவிட்டுக் கேட்டாய்.

"நான் போய்ட்டா நீ இன்னாடா பண்ணுவே?"

"தெரியலடா. அப்புறமா வந்து சொல்றேன்."

"என்னிக்கு?"

போர்வையை இழுத்து உன்மேல் போர்த்திவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

உன் இரங்கல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "இவன் இல்லாமல் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை" என்று மட்டும் சொன்னேன். ஒருவரும் எழுந்து போகவில்லை.

இப்போது பதில் தெரிந்துவிட்டது. யாரிடம் என்ன பேசப் போனாலும், மருமகளிடமானாலும் ரேஷன் கடையிலானாலும், போகிற வழியில் நானே எதிராளியாகி என்னைக் கேள்வி கேட்டுக்கொள்கிறேன். தெரியாததைத் தெரியாது என்கிறேன். நாள் சொல்கிறேன். அந்த நாளில் போய் நிற்கிறேன். உனக்கு மட்டும்தான் நாள் சொல்லாமல் வந்தேன்.

இன்னிக்குத்தான்டா. வந்துட்டேன்.