இதற்குக் குறையாமல்

அலெக்ஸாந்திரியா
சனிக்கிழமை மாலை

அன்பு மகள் ரீஹாமுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் நீ விட்டுப்போன பூனையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். இங்கிலாந்தில் அந்த லீட்ஸ் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தொழும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். வியாழக்கிழமை நீ தொலைபேசியில் அழுதபோது நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும். "வேலை போயிடும் போலிருக்கும்மா, விசாவும் போயிடும், திரும்பி வரவேண்டியதுதான்" என்று நீ சொன்னதும் என் வாய் "அல்லா இருக்கான், அழாதடி" என்றது. ஆனால் உள்ளே ஒரு கணம் 'வரட்டுமே' என்று ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. பெற்றவளின் ஏக்கம், வேறென்ன என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், இரண்டு நாளாக அது ஒட்டவில்லை. ஏக்கமாக இருந்தால் உன் முகம் கண்முன் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது உன் அறைச் சாவி, நீ படம் பிடித்து அனுப்பினாயே, நீல நூல் கட்டியது. அப்படித் தனியாக ஓர் அறை எனக்கு இல்லாதது, இனி உனக்கும் இருக்காது என்றுதான் அந்த ஒரு கணம் நினைத்தேன். தொலைபேசியில் இதைச் சொல்ல முடியுமா, அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டு ஹுதாவின் கணவர் திங்கட்கிழமை கப்பலில் அந்தப் பக்கம் கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்து விடுகிறேன்.

நடந்ததை அப்பாவுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. வெளிநாட்டிலிருந்து விசா கொடுத்து வரவழைத்த ஆட்களுக்குக் காகிதத்தில் போட்ட சம்பளம் கையில் போகிறதா என்று பார்க்க அதிகாரிகள் உங்கள் கேமரா பழுதுபார்க்கும் பட்டறைக்கு வந்தார்கள், ரீஹாமிடம் எவ்வளவு வாங்குகிறாய் என்று கேட்டார்கள் என்றேன். "கேட்டா சொல்ல வேண்டியதுதானே, இதுல அழ என்ன இருக்கு?" என்றார். குறைத்துச் சொல்லிவிட்டாள் என்றேன். "யார்கிட்ட?" என்றார். அதிகாரியிடம்தான் என்றேன். "சரிதான், உன் பொண்ணு" என்று சொல்லிவிட்டுத் தேநீருக்குச் சர்க்கரை தேடப் போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பள்ளியில் நீ முதலாவதாக வந்தபோது "ஏதோ பாஸ் பண்ணிட்டேன்னு சொல்லு" என்று மாடிப்படியிலேயே நிறுத்திச் சொல்லிக்கொடுத்தவள் நான். புதுக் காலணியை அழுக்காக்கிப் போட்டு அனுப்பியவளும் நான்தான். லீட்ஸுக்குக் கிளம்பும்போதுகூட விமான நிலையத்தில் உன் காதில் நான் கடைசியாகச் சொன்னது குர்ஆன் வசனம் இல்லை, 'சம்பளத்தை யார் கேட்டாலும் பாதியாகச் சொல், கண் பட்டுவிடும்' என்பதுதான். யார் கேட்டாலும் என்பதில் அரசாங்க அதிகாரி சேர்த்தி இல்லை என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நம் ஊரில் அப்படி யாரும் வந்து கேட்டதும் இல்லை.

அதிகாரியை நினைத்து நீ குறைத்துச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த மேசையில் உங்கள் பட்டறையின் மூத்த ஆள் டெரெக் லென்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், காது இந்தப் பக்கம் இருந்தது, அதனால்தான். ஒப்பந்தம் வந்த அன்று சமையலறையில் உட்கார்ந்து எனக்கு வரி வரியாக விளக்கினாயே, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. கேமரா பழுது பார்க்க வெளியூர் ஆளைக் கொண்டுவருவதென்றால் அவர்கள் அரசாங்கம் ஒரு தொகை போட்டிருக்கிறது, எல்லாத் தொழிலுக்கும் பொதுவாக ஒன்று, இந்தத் தொழிலுக்கென்று ஒன்று, இரண்டில் எது அதிகமோ அதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். கூடுதல் நேரத்துக் காசைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, தங்க அறை கொடுத்தேன் சாப்பாடு போட்டேன் என்று கழிக்கவும் கூடாது. வெளியாட்களை மலிவாகக் கொண்டுவந்து உள்ளூர்க்காரன் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது என்பதற்காகப் போட்ட விதி என்று சொன்னாய். ஆனால் டெரெக் எப்போதோ பேசி முடித்த சம்பளத்திலேயே இத்தனை வருடம் இருந்துவிட்டார், அவருக்கு அந்த விதி கிடையாது. அவரைக் காப்பாற்றப் போட்ட விதி அவர் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்த பெண்ணை அவருக்கு மேலே தூக்கி வைத்துவிட்டது. இது அவருக்குத் தெரியக்கூடாது என்று நீ ஒரு வருடமாக மறைத்துக்கொண்டிருக்கிறாய். அவர் கேட்டால் தன் சம்பளம் என்று அவர் சொன்னதை விடக் கொஞ்சம் கீழே சொல்வாய், அதையே அதிகாரியிடமும் சொல்லிவிட்டாய். இப்போது உன் முதலாளி கோலின் காகிதத்தில் ஒன்றைக் காட்டிவிட்டுக் கையில் வேறொன்றைக் கொடுக்கிறார் என்று அவர்கள் நினைக்கிறார்கள். இந்த மாத முடிவுக்குள் பதில் வராவிட்டால் ஆட்களை வரவழைக்கும் உரிமம் போய்விடும், அது போனால் நீயும் வரவேண்டியதுதான். சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா?

ரீஹாம், உன் அறையைப் பார்த்து எனக்குப் பொறாமை இருந்தது, சுவரில் ஓடும் வெந்நீர்க் குழாயைப் பார்த்து இருந்தது, டெரெக்கின் மனைவி உன் பிறந்தநாளுக்குச் செய்த கேக்கைப் பார்த்துக்கூட இருந்தது, அதில் உன் பெயரைத் தப்பாக எழுதியிருந்தாள் என்பது எனக்கு அன்று முழுவதும் ஆறுதலாக இருந்தது. ஆனால் எதைவிடவும் அந்த விதியைப் பார்த்துத்தான். முகம் தெரியாத யாரோ ஒருவர் மேசை முன்னால் உட்கார்ந்து இந்தப் பெண்ணின் கைக்கு இதற்குக் குறையாமல் என்று எழுதியிருக்கிறார். எனக்கு அப்படி யாரும் எழுதவில்லை. பதினேழு வயதில் உன்னைப் பெற்றேன், நீ பள்ளிக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து நபி தானியால் தெருவில் பத்ரான் கடையில் புத்தகம் விற்கிறேன். தூசு தட்டும் சாக்கில் கடையில் பாதியைப் படித்து முடித்திருக்கிறேன். வாங்க வருகிற பேராசிரியர்கள் என்னிடம்தான் எந்தப் பதிப்பு நல்லது என்று கேட்கிறார்கள். காலையில் கடையைத் திறப்பதும் நான்தான், கடைச் சாவி என்னிடம்தான் இருக்கும். மாதக் கடைசியில் பத்ரான் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுப்பார், "இந்த மாசம் மழை உம்மு ரீஹாம், வியாபாரம் எங்க இருக்கு" என்பார், அவருக்கு நான் எப்போதும் ரீஹாமின் அம்மாதான். வாங்கிக்கொள்வேன். மழை இல்லாத மாதத்தில் ரமலான் சாக்கு வந்துவிடும். போன வாரம் கடைக்கு வந்த ஒரு பெண் உன் படத்தைப் பார்த்துவிட்டு "உங்க தங்கச்சியா?" என்றாள், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இரவு வரை யோசித்தேன். தங்கையைப் பார்த்துப் பொறாமைப்படலாம், உலகம் ஒன்றும் சொல்லாது. தாயின் கண் பிள்ளை மேல் படாது என்கிறார்கள். அவ்வளவு நிச்சயமாக எனக்குத் தெரியவில்லை, வியாழக்கிழமை உன் அழுகையைக் கேட்டபோது என் கண்தான் பட்டுவிட்டதோ என்று நடுங்கிப்போனேன்.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், நீ பயப்படுவது டெரெக்கின் பொறாமைக்கு. அந்தச் சரக்கு என்னிடம் நிறைய இருக்கிறது, அதைப் பற்றி நான் சொன்னால் நீ நம்பலாம். பொறாமை இருக்கும்போதே உனக்காகத் தொழுதேன், பொறாமையோடுதான் உன் அறைச் சாவிப் படத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். அவரும் இரண்டு நாள் முகம் கொடுக்க மாட்டார், லென்ஸைச் சத்தமாக வைப்பார், அப்புறம் அதுவும் போய்விடும். போகாவிட்டாலும் அது அவருக்கும் கோலினுக்கும் உள்ள வழக்கு. அதிகாரியிடம் போய், எங்கள் ஊரில் சம்பளத்தைக் குறைத்துச் சொல்வது வழக்கம், என் அம்மா அப்படி வளர்த்துவிட்டாள், உண்மையான தொகை இது என்று சொல். வங்கியில் விழுந்ததைக் காட்டு. ஆனால் டெரெக் வெளியே போகும் நேரம் பார்த்துச் சொல்லாதே, அவர் இருக்கும்போது சொல். பிறர் வாயால் கேட்டால்தான் உறுத்தும். கேமராவின் மேல் பொறித்திருக்கும் எண் ஒன்று, உள்ளே ஷட்டர் ஓடும் வேகம் வேறொன்று, இரண்டையும் ஒன்றாக்குவதுதான் என் வேலை என்று முன்பு எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். அதை நீ உன் விஷயத்திலும் செய்தால் போதும்.

சொல்வது எளிது என்று நீ நினைப்பாய், அதனால் நேற்று நானே செய்து பார்த்தேன். வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு நகாத் அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். உன் சம்பளத்தை நான் சுருக்கிச் சுருக்கிச் சொல்லி வந்ததில் அவள் உன்னைப் பிச்சைக்காரி என்றே முடிவு செய்துவிட்டாள். மீன் சோற்றைப் போட்டுக்கொண்டே "பாவம் பொண்ணு, அந்தக் குளிர்ல தின்னாளோ இல்லையோ. நம்ம தாமிர் ஜித்தாவுல அவளுக்கு ரெண்டு மடங்கு வாங்குறான், வெளிய சொல்லாதீங்க, கண்ணு பட்டுடும்" என்றாள். மகன் தாமிர் போட்டுக் கழித்த ஸ்வெட்டர்களை ஒரு பையில் கட்டி உனக்கு அனுப்பச் சொல்லி என் மடியில் வைத்தாள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உன் தொகையைச் சொன்னேன், முழுதாக. அதை இங்கே எழுதவில்லை, ஹுதாவின் கணவர் பிரித்துப் படிக்கக்கூடிய ஆள். அப்பாவுக்குப் புரையேறிவிட்டது, நான் போய் முதுகில் தட்ட வேண்டியிருந்தது. அத்தை "எந்தப் பவுண்டு? நம்ம எகிப்துப் பவுண்டா?" என்றாள். அவங்க பவுண்டு என்றேன். "வருஷத்துக்கா?" என்றாள். மாசத்துக்கு என்றேன். கண் படாமலிருக்க ஐந்து விரலையும் விரித்துத் தன் முகத்துக்கு நேராகவே காட்டிக்கொண்டு "மாஷா அல்லா, மாஷா அல்லா, என் கண்ணே பட்டுடப் போகுது" என்றாள். பிறகு கையை நீட்டி என் மடியிலிருந்த ஸ்வெட்டர் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "அவளுக்கு எதுக்கு இது, புதுசாவே வாங்கிக்குவா" என்றாள். வீடு இடிந்து விழவில்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்து உலர்ந்த முலுகியாக் கீரையைப் பொட்டலம் கட்டி உனக்கென்று கொடுத்தாள், என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள். அந்தப் பொட்டலம்தான் இதோடு வருகிறது. கழுவ வேண்டாம், பூண்டைத் தனியாக வறுத்துக் கடைசியில் போடு.

மற்றபடி கடல் நேற்றிலிருந்து கொந்தளிக்கிறது, கடற்கரைச் சாலையில் தண்ணீர் ஏறிவிட்டது, அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை இல்லை, வீட்டில் உட்கார்ந்துகொண்டு பூனையோடு சண்டை போடுகிறார். மேல்மாடிக்காரர்கள் தண்ணீர்த் தொட்டியைச் சரிசெய்யவே இல்லை. நீ இரவில் ஈரத் தலையோடு படுக்காதே. கோலினிடம் மரியாதையாகப் பேசு, ஆனால் தலையைக் குனிந்துகொண்டு பேசாதே. இனி யாராவது கேட்டால் உண்மையைச் சொல், சொன்ன பிறகு மனசுக்குள் மாஷா அல்லா என்று சொல்லிக்கொள், இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும். நான் 'வரட்டுமே' என்று நினைத்தது ஒரு கணம்தான், நீ அங்கேயே இருக்க வேண்டும் என்று நினைப்பது அதற்கு முன்னும் பின்னும் உள்ள எல்லா நேரமும். உன் கைக்கு நடுக்கம் வராமல், உன் கண்ணுக்கு மங்கல் வராமல், உன் கதவுச் சாவி உன்னிடமே இருக்க அல்லா அருள் செய்யட்டும். அப்பா முத்தம் கொடுக்கச் சொன்னார். கீரையைப் பற்றி அத்தைக்கு மறக்காமல் ஒரு வார்த்தை போன் பண்ணு.

உன் அம்மா
ஹனான்

பின்குறிப்பு: கடல் அடங்காமல் ஹுதாவின் கணவரின் பயணம் தள்ளிக்கொண்டே போனது, கடிதம் என் தலையணைக்கு அடியிலேயே கிடந்தது. நேற்று நீ கூப்பிட்டுவிட்டாய். நான் எழுதியது வருமுன்னே நீயாகவே டெரெக் முன்னால் சரியான தொகையைச் சொல்லியிருக்கிறாய், வங்கிக் கணக்கும் அதையே காட்டியிருக்கிறது, கோலினின் உரிமமும் உன் விசாவும் தப்பிவிட்டன. டெரெக் ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை, அப்புறம் கோலினிடம் போய்த் தனக்கும் அதற்குக் குறையாமல் வேண்டும் என்று கேட்டார், கோலின் கொடுத்துவிட்டார். இன்று காலை நானும் பத்ரானிடம் போய் ஒரு தொகையைச் சொல்லி, மாதம் இதற்குக் குறையாமல் வேண்டும் என்றேன். "யோசிக்கலாம் உம்மு ரீஹாம்" என்றார். மாலையில் என்னிடமிருந்த கடைச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.