"இதுதான் என் ஒரே வேலை"

பென்சான்ஸ்,
திங்கட்கிழமை.

அன்புத் தங்கை க்வெண்டாவுக்கு, அக்கா ஹிலரி எழுதுவது.

நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும் என்றுதான் இந்த அவசரம். இதை வீட்டுக்கு அனுப்பவில்லை, நீ வேலை பார்க்கும் பேக்கரிக்கே அனுப்புகிறேன். உங்கள் முதலாளியம்மா பாலின் உன் கையில் கொடுத்துவிடுவாள். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு, ரொட்டி சுடுகிற இடத்தில் அடுப்புக்கா பஞ்சம்?

இங்கே ஓயாத மழை, என் முழங்காலும் அதோடு சேர்ந்து அழுகிறது. அதை விடு.

சனிக்கிழமை பேக்கரி ஃபோனில் கூப்பிட்டு, "சாயங்கால வேலைச் சம்பளம் முழுசா வந்துடுச்சுக்கா, ஒரு பென்னி கூட வரி புடிக்கல!" என்று துள்ளினாய். உடனே நான், சேரும்போது நிரப்பிய படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் போட்டாய் என்று கேட்டேன். "இதுதான் என் ஒரே வேலைன்னு இருந்துச்சே, அதுலதான். இன்னொரு வேலை இருக்குன்னு போட்டா ட்ரெவருக்குத் தெரிஞ்சிடும்ல?" என்றாய். அடி அசடே! மறைப்பதற்காகப் போட்ட அந்த டிக்தான் உன்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறது.

மீன் தொழிற்சாலையில் சம்பளக் கணக்குப் போட்டே தலை நரைத்தவள் சொல்கிறேன், கேள். வருமானத்தில் ஒரு பகுதிக்கு வரி கிடையாது என்கிறார்களே, அந்தச் சலுகை ஆளுக்கு ஒன்றுதான், வேலைக்கு ஒன்று அல்ல. உன் சலுகை ஏற்கெனவே பேக்கரி வேலையில் இருக்கிறது. அதனால்தான் அங்கே சம்பளச் சீட்டில் போடும் உன் வரிக்குறியில் எண்ணும் அதன் பின்னால் ஓர் எழுத்தும் இருக்கின்றன. இரண்டாவது வேலைக்கு எண்ணே வராது, வெறும் இரண்டு எழுத்துதான். முதல் பவுண்டிலிருந்தே வரி பிடி என்று அதற்கு அர்த்தம். நீயோ இரண்டு இடத்திலும் சலுகை வாங்குகிறாய். இரண்டு முதலாளிகளும் மாதாமாதம் உன் கணக்கை அனுப்புகிறார்கள், வரி அலுவலகத்துக்குக் கண் தெரியாமலா இருக்கும்? குறியை மாற்றுவார்கள். மாற்றினால் தபால் போடுவார்கள், அதுவும் முதலாளி பெயரோடு, வீட்டு முகவரிக்கு.

தபால்காரர் வரும் நேரத்துக்குச் செருப்போடு வாசலில் நிற்பவன் உன் புருஷன் ட்ரெவர். உன் பெயருக்கு வருவதையும் வெண்ணெய்க் கத்தியால் கிழிப்பவன். கார் எத்தனை மைல் ஓடியது என்று தினமும் பார்க்கிறவன். செவ்வாயும் வெள்ளியும் நீ தேவாலயப் பாட்டுக்குழுவில் பாடுவதாக நினைத்துக்கொண்டிருப்பவன், பல் மருத்துவமனையில் நீ தரை துடைக்கிறாய் என்று தெரிந்தால் எதற்கு என்று கேட்பான். நீ என்ன சொல்வாய்? ஈஸ்டருக்கு நான் வந்தபோது, அந்தச் சமையலறைப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றவே இல்லையே நீ. எனக்குப் பயமாக இருக்கிறது, க்வெண்டா.

நாளையே வரி அலுவலகத்துக்கு ஃபோன் போடு. இரண்டாவது வேலை உண்டு என்று நீயே சொல்லிவிடு. தபாலை மட்டும் என் முகவரிக்கு மாற்றச் சொல், வீட்டு முகவரி அப்படியே இருக்கட்டும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைய வேண்டாம். அந்தச் சம்பளம் என் வங்கிக் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. இன்னும் இரண்டு மாதச் சம்பளம் சேர்ந்தால் என் மாடி அறைக்குக் கட்டில் வாங்கிவிடலாம். ஜன்னலைத் திறந்தால் கடல்.

பத்திரமாக வந்து சேர்.

உன் அக்கா,
ஹிலரி


க்ளீதார்ப்ஸ்,
சனிக்கிழமை.

மதிப்பிற்குரிய ஹிலரி அக்காவுக்கு, ட்ரெவர் எழுதுவது.

உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கேயும் மழைதான்.

க்வெண்டாவுக்கு இந்த வாரம் சளிக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. அதனால் பாலினே வீட்டுக்கு வந்து, ஒரு ரொட்டியையும் உங்கள் கடிதத்தையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். "அக்கா லெட்டரப் பாத்தாலாவது எந்திரிச்சு உக்காருவா" என்றார். தங்கமான மனுஷி.

நீங்கள் சொன்ன தபால் உங்கள் கடிதத்துக்கு முன்பே வந்துவிட்டது. ஏதோ ஒரு துப்புரவு நிறுவனத்தின் பெயரும், பக்கத்தில் வெறும் இரண்டு எழுத்தும். கேட்டதற்கு க்வெண்டா சிரித்தாள். "இது வேற யாரோ க்வெண்டாங்க. ஆஃபீஸ்ல மாத்தி அனுப்பிட்டாங்க" என்றாள். நானும் சிரித்தேன். அவள் சொன்னால் நம்புகிறவன் நான். அந்தத் தாளைக் குப்பையிலும் போட்டுவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அதைக் குப்பையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். இந்த வரிக்குறி எனக்கு எந்தக் காலத்திலும் புரிந்ததில்லை, அக்கா. எண் ஏன் இல்லை, எழுத்து ஏன் இரண்டு என்று இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. மிக்க நன்றி.

பாட்டுக்குழு இனி இல்லை. சாயங்கால வேலையையும் விட்டாயிற்று. பேக்கரிக்கும் நானே சொல்லிக்கொள்கிறேன். கட்டில் எதுவும் வாங்க வேண்டாம். இந்த மழையில் அவ்வளவு தூரம் கிளம்பி வந்து நீங்களும் சிரமப்படாதீர்கள்.

உங்களுக்கு அவளே பதில் எழுதுவதாகத்தான் இருந்தது. கை சரியில்லை.

கடவுள் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும்.

அன்புடன்,
ட்ரெவர்
(க்வெண்டாவுக்கும் சேர்த்து)