தாமரை இலைக்குக் கீழே நின்ற தண்ணீர்

என் அன்புக்குரிய அண்ணை,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நினைவு மலருக்கு என்னிடம் ஒரு பக்கம் கேட்டார்கள். முன்னட்டையில் நீங்கள் சிரிக்காமல் இருக்கும் படம், பிறகு தேவாரம், கடைசியில் நன்றி நவிலல். இடையில் உங்களைப் புகழ்ந்து ஒரு வெண்பா வேண்டுமாம். எனக்கு எழுதத் தெரிந்தது அறிக்கைதான். ஆகவே என் பழைய அறிக்கை ஒன்றுக்குத் திருத்தம் எழுதுகிறேன்.

அந்த அறிக்கையை ஊரில் ஒருவரும் வாசிக்கவில்லை. அதன் முடிவு மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

என்ன வேலை பார்க்கிறாய் என்று கடைசிவரை நக்கலாகத்தான் கேட்டீர்கள். வானத்தில் சுற்றும் செய்மதி எடுத்த படத்தில் குளத்தின் நீர்ப்பரப்பை அளக்க வேண்டும். அதிலிருந்து எவ்வளவு தண்ணீர் குறைந்தது என்று கணிக்க வேண்டும். வெயில் குடித்ததையும் நிலம் குடித்ததையும் கழித்தால், மிஞ்சுவது மனிதர் எடுத்தது. கதிரையை விட்டு எழும்பாமல் செய்யக்கூடிய வேலை. நான் எழும்பவுமில்லை.

நீங்களும் அளந்தீர்கள். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகுமுன் குளத்தில் கால் கழுவுவீர்கள். மேலிருந்து எத்தனையாம் படியில் தண்ணீர் நிற்கிறது என்று எண்ணி, எனக்கு ஃபோன் எடுப்பீர்கள்.

"தம்பி, ஐஞ்சாம் படி."

"படி ஒரு அலகில்லை, அண்ணை."

"உன்ரை செய்மதி எத்தினை மணிக்கு எங்கடை குளத்துக்கு மேலாலை போறது? சொல்லு, வேட்டியை ஒழுங்காக் கட்டிக்கொண்டு நிக்கிறன்."

சென்ற ஆண்டுக் கோடையில் என் படங்களில் குளம் பாதியாகச் சுருங்கியது; உங்கள் கணக்கில் இரண்டொரு படிதான் இறங்கியது. வெயில் அவ்வளவு குடித்திருக்க முடியாது. மீதி இழப்புக்கு அனுமதியின்றி நீர் இறைப்பது காரணமாகலாம் என்று எழுதினேன். 'ஆகலாம்' என்ற சொல்லை மிகக் கவனமாகப் போட்டேன். அறிக்கை ஊருக்கு வந்து சேர்வதற்குள் அந்தச் சொல் மட்டும் ஆவியாகிவிட்டது.

குளத்தோடு ஒட்டிய வெங்காயத் தோட்டம் உங்களுடையது. இறைப்பு மிசின் உங்களுடையது. குளத்து நீரைப் பங்கிடும் கமக்காரர் சங்கத் தலைவர் என்பதால் மதகுப் பூட்டின் திறப்பும் உங்கள் இடுப்பில். ஊர் யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. கூட்டத்தில் திறப்பைக் கேட்டார்கள். அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு வந்தீர்களாம்.

அன்று பின்னேரம் ஃபோன் எடுத்தீர்கள். "ஒருக்கா வந்து குளத்திலை காலை நனைச்சுப் பார். பிறகு எழுது."

"தரவு பொய் சொல்லாது, அண்ணை."

"அப்ப பொய் சொல்லுறது நான்தானே?"

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஃபோன் வரவில்லை. நானும் எடுக்கவில்லை. வட்டுக்கோட்டைப் பக்கம் எனக்கு அளக்க வேறு குளங்கள் இருந்தன. என் அலுவலகத்திலிருந்து உங்கள் குளத்துக்கு பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம். செய்மதி அதைவிடத் தூரம்.

பிறகு வந்த ஃபோன் அண்ணியுடையது.

உங்களைச் சுடலையில் விட்டுவிட்டு வந்து, ஆம்பிளைகள் எல்லோரும் தலைமுழுகித் தோயக் குளத்தில் இறங்கினோம். கடைசிப் படியையும் தாண்டி, தாமரை இலைகளைக் கையால் விலக்கிக்கொண்டு போனேன். சின்ன வயதில் நாங்கள் இரண்டு பேரும் விலக்கிக்கொண்டு நீந்திய அதே இலைகள். நெஞ்சளவு தண்ணீர் நின்றது. என் படத்தில் அந்த இடம் தரை.

கோடையில் தாமரை குளத்தை மூடுவது நான் பிறந்த நாளிலிருந்து கண்டது. செய்மதிக்குத் தெரியாது. அது பச்சை என்றது, நான் கரை என்று கழித்தேன். எனக்குத் தெரிந்ததை நான் ஏன் அதற்குச் சொல்லவில்லை?

"உதிலை நிண்டு என்ன அளக்கிறியள்? தோய்ஞ்சது காணும், ஏறுங்கோ!" கரையில் நின்று கத்தியவர் சங்கத்தின் புதுத் தலைவர். திறப்பு அவருடைய இடுப்பில் இருந்தது.

பழைய படங்களைத் திரும்ப எடுத்து, இலை மூடிய இடத்தையும் நீராகக் கூட்டினேன். இழப்பு முழுவதும் வெயிலுக்கும் நிலத்துக்கும் சரியாகப் போயிற்று. மனிதர் எடுத்ததாக மிஞ்ச ஒன்றுமில்லை. நீங்கள் எண்ணிய படிக்கணக்குத்தான் சரி. அலுவலகத்தில் சொன்னேன். அடுத்த அறிக்கையில் இடமிருந்தால் அடிக்குறிப்பாகப் போடலாம் என்றார்கள்.

இங்கே இடமிருக்கிறது. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் ஊரவர்களே, என் அண்ணை குளத்திலிருந்து ஒரு வாளி தண்ணீரும் களவாக எடுக்கவில்லை. பிழை என்னுடையது. இதில் 'ஆகலாம்' இல்லை.

அச்சுக்குக் கொடுக்குமுன், இதுவரை எழுதியதைப் புதுத் தலைவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் எழும்பி உங்கள் வீட்டுக்கு வந்து, திறப்பை அண்ணியிடம் நீட்டினார். அண்ணி கை நீட்டவில்லை.

"அந்தாள் இருக்கேக்கை தந்திருக்கலாம்."

அவரைப் பார்த்துச் சொன்னாரா, என்னைப் பார்த்துச் சொன்னாரா? நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதால் தெரியவில்லை.

இனிக் கால் நனையாமல் எந்தக் குளத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதமாட்டேன், அண்ணை. வெள்ளிக்கிழமைகளில் முதல் பஸ்ஸில் வந்து படி எண்ணுவேன். கேட்பதற்கு ஆளில்லாவிட்டாலும் சொல்வேன்.

இன்று ஆறாம் படி.

உங்களுக்குப் பின் பிறந்து, பிந்தியே வந்து சேர்ந்த
தம்பி