அந்த மருமகள் பேசிய மொழி

உன் வீட்டம்மா நேற்று உன் தெலுங்கு வேதப்புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். "ரெண்டு எழுத்தும் படிக்கிறவரு நீங்கதாண்ணா. உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். திறந்ததும் சிமெண்ட் வாசனை. தாள்களின் இடுக்கில் இன்னும் சாம்பல் நிறப் பொடி. திருப்பதியில் நீ மேஸ்திரியாக நின்று லாட்ஜ் கட்டுகிற இடத்திலிருந்து, குளிக்காமல்கூட சித்தூர் பஸ் ஏறி, புதன்கிழமை வேதபாடக் கூட்டத்துக்கு நேரே வந்துவிடுவாயே, அந்தப் பொடி.

நம் சபை தமிழ்ச் சபை. உனக்கோ தமிழ் எழுத்து தெரியாது. பள்ளியில் படித்தது தெலுங்கு. உன் முறை வரும்போது தெலுங்கு வரியைக் கண்ணால் பார்த்து, நம் வீட்டுத் தமிழில் சொல்லிக்கொண்டே போவாய். நாங்கள் அச்சில் இருந்ததை வாசித்தோம். நீ பக்கத்துத் தெருவில் நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னாய். எனக்கு அது பிடிக்கவில்லை. தப்பு கண்டுபிடிக்க, என் புத்தகத்தில் விரல் வைத்துக்கொண்டே கேட்பேன். பெரும்பாலும் கிடைக்காது.

ஊர்ப் பிள்ளைகள் பெங்களூருக்கும் குவைத்துக்கும் போய்க்கொண்டிருந்த காலம். திருப்பதியில் மாடிக்கு மேல் மாடி எழும்பியது. கட்டுவதற்கு ஒரிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அந்த வருடம் அறுப்புப் பண்டிகைக்கு முன் நாம் எடுத்துக்கொண்ட பகுதி, கணவனை இழந்த வேற்றுநாட்டு மருமகள் மாமியாரோடு அவள் ஊருக்கு வந்து, வயலில் கதிர் பொறுக்கும் கதை. பண்டிகையன்று அதைப் பற்றிப் பேசுவது வழக்கம்போல் நான். பதினாறு பக்கம் குறிப்பு எழுதியிருந்தேன். வாற்கோதுமையை எந்த மாதம் அறுப்பார்கள், ஏழைகளுக்காக வயல் ஓரத்தை விட்டுவைக்கும் சட்டம், வம்ச வரிசை எல்லாம். முந்தின புதன்கிழமைக் கூட்டத்தில் அதை நான் வாசித்து முடித்ததும் நீ கேட்டாய்.

"அண்ணா, அந்தப் பொண்ணு மாமியாகிட்ட இன்னா பாஷையில பேசிக்கினு வந்திருக்கும்?"

"அது எழுதப்படவில்லை."

"எழுதலன்னா பேசலயா? எங்க சைட்ல ஒரு ஒரியா பொண்ணு மண்ணு தூக்குது. மூணு மாசமா வாயே தொறக்கல. துன்னியான்னு கேட்டா சிரிக்குது. அது ஊர்ல எவ்ளோ பேசியிருக்கும்!"

மகனைக் குவைத்துக்கு அனுப்பியிருந்த ஓர் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "என் புள்ள அங்க யார்கிட்ட இன்னா பேசுறானோ" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருடம் என் எதிரே ஊமையாக உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் பேசினார்கள். நான் பதினாறு பக்கத்தையும் மடித்து வைத்தேன்.

கூட்டம் கலைந்ததும் நம் குருவானவர், ஐயர், "இந்தத் தடவை மேஸ்திரியைப் பேச வைக்கலாமா?" என்று என்னைக் கேட்டார். நான் சபைச் செயலாளர். யாரிடமும் குரல் உயர்த்தாதவன், அன்றும் உயர்த்தவில்லை. "தமிழ் எழுத்துத் தெரியாதவர் பண்டிகை ஆராதனையில் நின்றால் நாலு பேர் சிரிப்பார்கள். அவருக்குத்தான் சங்கடம்" என்று, உனக்காக இரங்குவதுபோல் மெல்லச் சொன்னேன். ஐயர் ஒத்துக்கொண்டார்.

பண்டிகையன்று காணிக்கையாக வந்து ஏலத்துக்குக் காத்திருந்த வாழைத்தாருக்கும் பூசணிக்கும் பக்கத்தில் நின்று, உன் கேள்வியை என் கேள்வியாகக் கேட்டேன். அந்த ஒரியாப் பெண்ணையும் சேர்த்துக்கொண்டேன். நான் அவளைப் பார்த்ததுகூட இல்லை. புதன்கிழமைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் தரையைப் பார்த்தார்கள். மற்ற எல்லோரும் வந்து கை குலுக்கினார்கள். கடைசியில் நீ வந்தாய், ஏலத்தில் எடுத்த பூசணியை இடுக்கிக்கொண்டு.

"நல்லாப் பேசுனண்ணா. ஆனா கேட்டுட்டு அப்படியே உட்டுட்டியே! அந்தப் பொண்ணு இன்னா பாஷை பேசுச்சுன்னு கடைசி வரைக்கும் சொல்லவேயில்ல."

சிரித்தாய். நீ கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். உனக்குப் பதில் தெரியுமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. நீ கண்மூடும்வரை கேட்கவில்லை.

உன் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். ஒரு கோடு இல்லை, ஒரு குறிப்பு இல்லை. ஓரத்தில் கட்டைவிரல் அழுக்கு மட்டும். அதன்மேல் என் விரலை வைத்துப் பார்த்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.

என் மகன் பெங்களூரில் கட்டிக்கொண்டதும் ஒரியாப் பெண்தான். கல்யாணத்தில் நாங்கள் எல்லோரும் அவளைச் சுற்றி விழித்துக்கொண்டு நிற்க, நீ மட்டும் சைட்டில் கற்ற நாலு ஒரியா வார்த்தையில் ஏதோ கேட்டு அவளைச் சிரிக்க வைத்தாய். அன்றும் எனக்கு வயிறு எரிந்தது. அவள் இப்போது லீவுக்கு வந்திருக்கிறாள். இன்று காலை காபி கொண்டுவந்தபோது, பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டேன். "நம்ம வீட்டுக்கு வந்த புதுசுல அத்தைகிட்ட எந்த பாஷையில பேசுனம்மா?"

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள்.

"பேசலை மாமா. அத்தை எங்க போனாலும் பின்னாடியே போனேன். அவ்ளோதான்."

பழைய குறிப்பை எடுத்துப் பதினேழாம் பக்கம் சேர்த்தேன். கேள்விக்கு எதிரே உன் பெயர், பதிலுக்கு எதிரே அவள் பெயர். எழுதி முடித்த பிறகுதான் அந்தச் சந்தேகம் வந்தது. கல்யாணத்தன்று அவளிடம் என்னவோ கேட்டாயே, அத்தையிடம் எந்தப் பாஷையில் பேசப்போகிறாய் என்றுதான் கேட்டிருப்பாயோ? அவள் அடுக்களையில்தான் இருக்கிறாள். எழுந்து போய்க் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.